தொட்டிச் செடி ஈக்களுக்கு இயற்கை எதிரிகள்: சேலத்து மாடிக்கு ஒன்று, ஏற்காட்டுத் தாழ்வாரத்துக்கு வேறொன்று

சேலம் அஸ்தம்பட்டியில் மொட்டை மாடியிலும், ஏற்காட்டில் உள்ள வீட்டுத் தாழ்வாரத்திலும் தொட்டிச் செடிகள் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஏற்காட்டில் பெகோனியா, ஆந்தூரியம் தொட்டிகளுக்கு நீர் ஊற்றும்போதெல்லாம் கொசு போன்ற கரிய ஈக்கள் கிளம்புகின்றன. சேலத்தில் செம்பருத்தி, கொய்யா, கத்தரிச் செடிகளைத் தொட்டாலே வெள்ளை ஈக்கள் புகைபோல் எழுகின்றன. மருந்து அடிக்க மனமில்லை. இவற்றைத் தின்னும் பூச்சிகளை விலைக்கு வாங்கி விட்டால் போதுமா, இரண்டு இடத்துக்கும் ஒரே பூச்சி பொருந்துமா என்கிறார்.

ஒரே பூச்சி பொருந்தாது. இரண்டும் வெவ்வேறு உயிரினங்கள், வாழும் இடமும் வேறு, அவற்றின் எதிரிகளும் வேறு. விலைக்கு வாங்கியே ஆக வேண்டும் என்பதும் சில நேரங்களில் மட்டுமே உண்மை. பெரும்பாலான வீடுகளில் எதிரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. நாமே அறியாமல் அவற்றைக் கொன்றுகொண்டிருக்கிறோம்.

முதலில் ஈயை அடையாளம் காண வேண்டும். ஏற்காட்டில் தொல்லை தருவது பூஞ்சை ஈ. காளான் வளர்ப்போர் சியாரிட் ஈ என்று சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் நீளமும் நீண்ட கால்களும் கொண்ட இது, தள்ளாடிப் பறந்து மண்ணின் மேலேயே சுற்றும், மனிதரைக் கடிக்காது. சிவந்த கண்களோடு சமையலறை வாழைப்பழத்தில் மொய்க்கும் சிற்றீ வேறு. அதற்காகத் தொட்டிக்கு வைத்தியம் செய்வது வீண். சேலத்து வெள்ளை ஈயோ உண்மையில் ஈயே இல்லை. ஈக்களுக்கு ஒரு சோடி இறக்கைதான். இதற்கு இரண்டு சோடி. அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் உறவான சாறு உறிஞ்சும் பூச்சி இது. குஞ்சுப் பருவத்தின் பெரும்பகுதியை இலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டே கழிக்கும். ஆகவே ஒன்றின் எதிரியை மண்ணில் தேட வேண்டும், மற்றொன்றின் எதிரியை இலைக்கு அடியில் தேட வேண்டும்.

ஏற்காட்டுத் தொட்டிகளை எடுத்துக்கொள்வோம். பூஞ்சை ஈயின் பெண் தன் ஒரு வார கால வாழ்நாளில் நூறு, இருநூறு முட்டைகளை ஈரமண்ணின் மேற்பரப்பில் இட்டுவிடும். அவற்றிலிருந்து வரும் புழுக்கள் கண்ணாடி போன்ற வெண்ணிற உடலும் பளபளக்கும் கருந்தலையும் கொண்டவை. மண்ணில் வளரும் பூஞ்சையையும் மக்கும் பொருள்களையும் தின்று, அவை போதாதபோது மெல்லிய வேர்களைக் கடிக்கும். மிதமான வெப்பத்தில் முட்டையிலிருந்து ஈயாவதற்கு மூன்று அல்லது நான்கு வாரம் ஆகும். வளர்ந்த செடி இதைத் தாங்கிக்கொள்ளும். நாற்றும், புதிதாக வேர்விடும் போத்தும், சதைப்பற்றுள்ள செடிகளின் இளங்கன்றுகளும் தாங்கா. புழு இருக்கிறதா என்று பார்க்க உருளைக்கிழங்கை ஒரு விரல் தடிமனுக்கு வெட்டி, வெட்டுப்பக்கம் மண்ணில் படுமாறு அழுத்தி, இரண்டு மூன்று நாள் விட்டு எடுத்துப் பாருங்கள். கிழங்கின் அடியில் கருந்தலைகள் நெளிந்தால் ஐயமே வேண்டாம். எந்தத் தொட்டியில் எத்தனை என்று ஒப்பிடவும் இதுவே வழி. பத்துத் தொட்டிகளில் இரண்டு மட்டுமே ஊற்றுக்கண்ணாக இருப்பது வழக்கம்.

எதிரியை அனுப்பும் முன் அந்த இரண்டு தொட்டிகளில் என்ன மண்கலவை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சரியாக மக்காத தென்னை நார்க்கழிவும், பாதி மக்கிய சாணமும் இந்த ஈக்கு விருந்து. முட்டையும் புழுவும் பெரும்பாலும் மேல் மூன்று, நான்கு சென்டிமீட்டருக்குள் இருப்பதால், அந்த மேல்மண் காயும் வரை நீர் ஊற்றாமல் இருப்பதே இவற்றுக்கு எதிரான முதல் ஆயுதம். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனியும் தூறலும் விடாத ஊரில் மேல்மண் எங்கே காயும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இயற்கை எதிரிகளுக்கு உண்மையான வேலை இருப்பது அந்த மாதங்களில்தான்; வெயில் மாதங்களில் நீரைக் குறைத்தாலே பாதிப் பணி முடிந்துவிடும்.

மண்ணுக்குள் பூஞ்சை ஈயின் புழுவைத் தாக்குவனவற்றில் முதலிடம் நூற்புழுக்களுக்கு. வேர்முடிச்சு நோய் உண்டாக்கும் நூற்புழு செடியைத் தின்பது. இங்கே சொல்வது பூச்சியை மட்டும் தின்பது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இந்த நூற்புழு, ஈப்புழுவின் வாய், ஆசனவாய், மூச்சுத்துளை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் வழியே உள்ளே நுழைந்து, தன் குடலில் சுமந்து வரும் பாக்டீரியாவை வெளியிடும். ஓரிரு நாளில் புழு இறக்கும். அந்த உடலுக்குள்ளேயே நூற்புழு பெருகி, அடுத்த தலைமுறை வெளியேறி வேறு புழுவைத் தேடும். மனிதருக்கோ மண்புழுவுக்கோ செடிக்கோ இதனால் தீங்கில்லை.

மேல்நாட்டுப் பசுமைக்குடில்களில் பூஞ்சை ஈக்கென்றே பயன்படுவது ஸ்டைனெர்னிமா ஃபெல்டியே என்னும் இனம். மண் 15 முதல் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது அது சுறுசுறுப்பாக வேலை செய்யும், 30ஐத் தாண்டினால் தளர்ந்துவிடும். அதாவது ஏற்காட்டுக்கு ஏற்றது, சேலத்து மாடிக்கு ஆகாதது. நம் நாட்டில் வேர்ப்புழுக்களுக்காகத் தூள் வடிவில் விற்கப்படும் ஹெட்டெரோராப்டைடிஸ் இண்டிகாவோ வெப்பம் தாங்கும் இனம். கோயம்புத்தூர் மண்ணிலிருந்து கண்டெடுக்கப்பட்டு 1992இல் பெயரிடப்பட்டது. அது சேலத்துக்கு மழைக்காலத்தில் பொருந்தும். ஏற்காட்டின் மார்கழிக் குளிரில் மந்தமாகிவிடும். எளிதாகக் கையில் கிடைக்கும் இனம் மலைக்குப் பொருந்தவில்லையே என்ற சங்கடம் இங்கே உண்டு. ஆகவே ஏற்காட்டில் அதைப் பயன்படுத்துவதானால், பங்குனி முதல் ஆனி வரையிலான வெதுவெதுப்பான மாதங்களில் ஊற்றி, மழைக்கு முன்பே ஈயின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவது நல்லது.

எந்த இனமானாலும் ஊற்றும் முறை ஒன்றே. பொட்டலத்தின் காலாவதி நாளைப் பார்த்து வாங்கி, பயன்படுத்தும் வரை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, மண்ணை முதலில் நனைத்து, வெயில் இறங்கிய பின் நீரில் கரைத்து ஊற்ற வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிரும் வறட்சியும் நூற்புழுவைச் சில நிமிடங்களிலேயே கொன்றுவிடும். ஊற்றிய பின் ஒரு வாரமாவது மண் ஈரமாக இருக்க வேண்டும். மேல்மண்ணைக் காயவிடுங்கள் என்று முன்னே சொன்னதற்கு இது நேர் எதிர் என்பதால், இரண்டு வழிகளையும் ஒரே வாரத்தில் கையாளக் கூடாது. கரைசலில் ஒரு சொட்டை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தால் வளைந்து நெளியும் நூல்கள் தெரிய வேண்டும். நேராகக் குச்சிபோல் அசையாமல் கிடந்தால் நீங்கள் வாங்கியது செத்த சரக்கு.

நூற்புழு கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவின் இஸ்ரேலென்சிஸ் வகை. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்ட இது, கொசுப்புழு ஒழிப்புக்காக நம் ஊர்களிலும் பயன்படுகிறது. இது இரைவிழுங்கி அல்ல. புழு இதைத் தின்றால்தான் சாகும், அதிலும் இளம் புழுக்களே எளிதில் சாகும். எனவே வாரம் ஒருமுறையாக மூன்று வாரமாவது தொடர வேண்டியிருக்கும். காய்ப்புழுவுக்கு விற்கப்படும் குர்ஸ்டாகி வகையை ஊற்றினால் ஈப்புழுவுக்கு ஒன்றும் ஆகாது. கடையில் பொதுப்பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் அதைத்தான் எடுத்துத் தருவார்கள். கொசுவுக்கான பொட்டலத்தில் தொட்டி மண்ணுக்குரிய அளவு அச்சிட்டிருக்காது என்பதால், அளவை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி, வாங்காமலே கிடைக்கும் எதிரிகள். நன்றாக மக்கிய தொழு உரத்தையோ இலைமக்கையோ ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிச் சற்று நேரம் அசையாமல் பார்த்தால், குண்டூசித் தலையைவிடச் சிறிய, இளம்பழுப்பு நிறப் புள்ளிகள் வேகமாக ஓடுவது தெரியும். அவற்றில் பல இரைவிழுங்கிச் சிலந்திப்பேன்கள். ஈயின் முட்டையையும் இளம் புழுவையும் குத்திச் சாறு குடிப்பவை. மேல்நாடுகளில் ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் என்ற இனத்தைக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். இலைமக்கில் தாமாக வாழ்பவையும் அந்தக் குடும்பத்து உறவுகளே. அவற்றோடு, முன்னிறக்கை பாதி உடலை மட்டும் மூடிய, தொட்டால் தேள்போல் வாலைத் தூக்கும் சிறு கரிய வண்டுகளும் வரும். குட்டைச் சிறகு வண்டு எனலாம். இதன் புழுவும் வண்டும் ஈப்புழுவைத் தின்பவை. ஒரு எச்சரிக்கை: அதே குடும்பத்தில் ஆரஞ்சும் கருப்பும் கலந்த உடலுடைய ஆசிட் பூச்சியும் உண்டு. அது தோலில் நசுங்கினால் தீக்காயம்போல் கொப்புளிக்கும். கையால் நசுக்காமல் ஊதிவிடுங்கள்.

இந்த இலவசக் காவலர்கள் தொட்டியில் தங்க வேண்டுமானால் அவர்களுக்கு ஈ இல்லாத நாளிலும் சாப்பாடு வேண்டும். நன்கு மக்கிய இலைமக்கை மேலே ஒரு விரல் தடிமனுக்குப் பரப்பினால், அதிலுள்ள மற்ற நுண்ணுயிரினங்களைத் தின்று அவை பிழைத்திருக்கும். சுத்தமான தென்னை நார்க்கழிவை மட்டும் நிரப்பிய தொட்டியில் ஈ வரும், எதிரி வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே, செடி விற்பனை நிலையத்திலிருந்து வந்த தொட்டியின் கலவையை நான் முழுதாக நம்புவதில்லை.

பறக்கும் ஈக்களைப் பிடிப்பவற்றில் கோயனோசியா என்னும் வேட்டை ஈ குறிப்பிடத் தக்கது. வீட்டு ஈயின் குடும்பத்தைச் சேர்ந்த, அதைவிடச் சிறிய சாம்பல் நிற ஈ இது. தொட்டி விளிம்பிலோ இலை நுனியிலோ அமர்ந்து காத்திருந்து, பறந்து செல்லும் பூஞ்சை ஈயை அந்தரத்திலேயே பிடித்து வந்து குத்திக் குடிக்கும். இதன் புழுவும் மண்ணில் ஈப்புழுக்களைத் தின்னும். ஈ என்றாலே அடிக்கும் பழக்கத்தில் இதையும் அடித்துவிடுகிறோம். ஜன்னல் மூலைச் சிலந்தி, பல்லி, ஊசித்தட்டான் ஆகியவையும் தம் பங்குக்குப் பிடிக்கும். ஆனால் புழு மண்ணில் இருக்கும்வரை அவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது.

சேலத்து மாடிக்கு வருவோம். வெள்ளை ஈயில் பல இனங்கள் உண்டு. கத்தரி, வெண்டை, தக்காளியில் வருவது பெமிசியா. கொய்யா, வாழை, தென்னை ஆகியவற்றின் இலையடியில் மெழுகுப் பொடியால் சுருள் சுருளாகக் கோலம் போட்டு முட்டையிடுவது சுருள் வெள்ளை ஈ. அதில் ரூகோஸ் என்னும் இனம் 2016இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பின்னர் தமிழகமெங்கும் பரவியது. அதை அடக்க முன்வந்தது எந்த மருந்தும் இல்லை. என்கார்சியா குவாடெலூபே என்னும் ஒட்டுண்ணிக் குளவி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள இது மனிதரைக் கொட்டாது. வெள்ளை ஈக் குஞ்சின் உடலில் முட்டையிட, அதிலிருந்து வரும் புழு குஞ்சை உள்ளிருந்தே தின்றுவிடும்.

இந்தக் குளவி உங்கள் மாடியில் இருக்கிறதா என்று பத்து ரூபாய்ச் செலவும் இல்லாமல் அறியலாம். பாதிக்கப்பட்ட கொய்யா இலை ஒன்றைப் பறித்து, அடிப்புறத்து மெழுகை மெல்ல ஊதிவிட்டு, உருப்பெருக்கியில் வெற்றுக்கூடுகளைப் பாருங்கள். வெள்ளை ஈ தானாக வெளியேறிய கூடு, ஆங்கில T எழுத்துப்போல் மேலே கிழிந்திருக்கும். குளவி வெளியேறிய கூட்டில் ஊசியால் குத்தியதுபோல் வட்டமான துளை இருக்கும். குளவி இன்னும் உள்ளேயே இருக்கும் குஞ்சு பல இனங்களில் கருத்துத் தெரியும். வட்டத் துளைகளும் கருத்த குஞ்சுகளும் பரவலாக இருந்தால் அந்தச் செடியில் எதையும் தெளிக்காதீர்கள். அந்த இலைகளைக் கிள்ளி எரிப்பதும் கூடாது. மாறாக, அத்தகைய இலைத் துண்டுகளை எடுத்துப் போய், குளவி இல்லாத செடியின் இலையடியில் கட்டிவிடலாம். தென்னை விவசாயிகளுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லித் தந்த இந்த முறை, நான்கு தொட்டி வைத்திருப்பவருக்கும் அப்படியே பொருந்தும்.

இரைவிழுங்கிகளில் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி, அதாவது கிரைசோபெர்லா, சிறந்தது. இலையில் மயிரிழை போன்ற காம்புகளின் நுனியில் ஒவ்வொன்றாக முட்டை வைத்திருக்கும். பூஞ்சணம் என்று நினைத்துப் பலர் துடைத்துவிடுவார்கள். முதலையின் சாயலில் இருக்கும் இதன் புழு, வெள்ளை ஈக் குஞ்சு, அசுவினி, மாவுப்பூச்சி என்று அகப்பட்டதையெல்லாம் உறிஞ்சிவிடும். இரை இல்லையென்றால் தன் உடன்பிறப்பையே தின்னும். அதனால் முட்டை அட்டை வாங்கினால் ஒரே செடியில் வைக்காமல், துண்டு துண்டாக வெட்டிப் பல செடிகளில் வைக்க வேண்டும். முதிர்ந்த பூச்சி தேனும் மகரந்தமும் உண்பது என்பதால், இரண்டு தொட்டியில் கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். பொறிவண்டுகளும் வரும். அவற்றில் கிரிப்டோலேமஸ் என்னும் ஆஸ்திரேலிய வண்டின் புழு, வெண்மெழுகுக் குஞ்சம் சூடி மாவுப்பூச்சிபோலவே தோன்றும்; ஆனால் அது நகரும், மாவுப்பூச்சி பெரும்பாலும் நகராது. நசுக்குமுன் ஒரு நிமிடம் காத்திருப்பது நல்லது.

எறும்பை மறந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. வெள்ளை ஈ கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, பொறிவண்டையும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவையும் விரட்டிவிடும். தொட்டியை நீர்த்தட்டில் வைத்த செங்கல்லின் மேல் ஏற்றி, இலைகள் சுவரையோ கம்பியையோ தொடாமல் பார்த்துக்கொண்டால் எறும்பு ஏறாது. தட்டு நீரை வாரம் இருமுறை மாற்றுங்கள், இல்லையேல் கொசு பெருகும்.

எல்லாவற்றுக்கும் எதிரிப்பூச்சியே விடை என்று நான் சொல்ல மாட்டேன். வெண்டையில் மஞ்சள் நரம்பு நோயைப் பரப்புவது பெமிசியா வெள்ளை ஈ. அதற்குச் சில பூச்சிகளே போதும். எதிரிகள் எண்ணிக்கையைக் குறைக்குமே தவிர, பூச்சியை அடியோடு ஒழிக்காது. ஆகவே வெண்டைக்கு நோய் தாங்கும் இரகமும், இளம் பருவத்தில் நுண்வலையும், நோய் கண்ட செடியை உடனே பிடுங்குவதுமே வழி. தக்காளி, பீன்ஸ் இலைகளில் பாம்புபோல் வெள்ளைக் கோடு போடும் இலைத்துளைப்பான் உண்மையான ஈதான். மருந்து அடிக்காத இடங்களில் சிறு ஒட்டுண்ணிக் குளவிகளே அதைக் கட்டுக்குள் வைக்கும், நீங்கள் கோடு விழுந்த அடியிலைகளைக் கிள்ளினால் போதும். மல்லிகை மொட்டை ஊதா நிறமாக்கும் மொட்டு ஈயின் புழு மொட்டுக்குள் ஒளிந்திருப்பதால் எதிரிகளுக்கு எட்டாது. கூட்டுப்புழுவாக மண்ணுக்கு இறங்கும்போதுதான் அகப்படும். பாதித்த மொட்டுகளைப் பொறுக்கி அழிப்பதே அங்கே முதல் வேலை.

எதிரிகளை விடுவதற்கு முன், தொட்டி மண்ணில் என்ன மருந்து ஊற்றியிருக்கிறீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இமிடாகுளோபிரிட் போல வேர்வழி ஏறும் மருந்துகள், மூடிய தொட்டியில் வாரக்கணக்கில் தங்கி, சாறு குடிக்கும் பூச்சியோடு அதைத் தின்னும் பூச்சியையும் தேன் குடிக்க வருவதையும் சேர்த்தே கொல்லும். கடையிலிருந்து புதிதாக வந்த செடியிலும் இது இருக்கக் கூடும். வேப்பெண்ணெயும் தெளிக்கும் நேரத்தில் இளம் புழுக்களைப் பாதிக்கும். ஆகவே வெள்ளை ஈ அளவு மீறியிருந்தால் முதலில் இலையடியில் நீரை வேகமாகப் பீய்ச்சி, தேவையெனில் ஒருமுறை சோப்புக் கரைசல் கலந்த வேப்பெண்ணெய் தெளித்து, ஒரு வாரம் கழித்து எதிரிகளை விடுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி ஈக்களை எண்ணுவதற்கு நல்ல கருவி; ஆனால் அது குளவியையும் பொறிவண்டையும் சேர்த்தே பிடிக்கும். ஏற்காட்டில் அதை மண்ணை ஒட்டித் தாழ்வாகப் படுக்க வையுங்கள். சேலத்தில் குளவி இலைகளைக் கட்டிய செடிகளின் அருகே மாட்ட வேண்டாம்.

எங்கே கிடைக்கும் என்பதற்கு, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம், ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் ஆகியவற்றில் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் குப்பி வாங்கி வரச் சொல்லாதீர்கள். உயிருள்ள பூச்சிகளை உரிய அனுமதியின்றிக் கொண்டுவருவது தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளுக்குப் புறம்பானது, அதற்கு நல்ல காரணமும் உண்டு. மேலே சொன்ன கிரிப்டோலேமஸ் 1898இல் காப்பிச் செதில்பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த அனாகைரஸ் லோபெசி குளவி, ஆய்வகச் சோதனைகள் முடிந்த பிறகே 2022இல் நம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் திறந்து விடப்பட்டது. ஓர் அயல் பூச்சியை விடுவதற்குள் எவ்வளவு பார்க்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடப் பக்கத்து எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பலன் தெரிய ஏற்காட்டில் ஒரு மாதம் முதல் ஆறு வாரம் வரை பொறுக்க வேண்டும். ஈயின் ஒரு தலைமுறைக்கே மூன்று, நான்கு வாரம் ஆகிறது, முட்டை, புழு, ஈ மூன்றும் மண்ணில் ஒரே நேரத்தில் இருக்கின்றன. சேலத்தில் சித்திரை, வைகாசி வெயிலில் கருப்புப் பைகளின் மண் கொதிக்கும் என்பதால் அப்போது மண்ணில் எதையும் விடாதீர்கள். இலைமேல் வேலை செய்யும் எதிரிகளையும் ஆடிக் காற்று தணிந்த பிறகு விடுங்கள். இரண்டு வீடுகளுக்கும் இடையே தொட்டிகளை ஏற்றி இறக்கும் பழக்கம் இருந்தால், கொண்டுபோகும் முன் இலையடியைப் பார்த்து, மேல்மண்ணில் இரண்டு விரல் அளவை வழித்து எடுத்துவிட்டு, புதிய இலைமக்கை இட்டு, இரண்டு வாரம் மற்ற தொட்டிகளிலிருந்து தள்ளி வைத்துப் பிறகு வரிசையில் சேர்த்துவிடுங்கள்.